தலைமறைவாக இருந்த செடி

என் மாமனாரும் நானும் ஒரே செடியை வைத்துப் பிழைத்தவர்கள் என்று சொன்னால் எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். அவர் தேனி மாவட்டத்தில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸில் பெரும்பகுதியை மலைமேல் கஞ்சாச் செடியைத் தேடிப் போய், பிடுங்கி, குவித்து, எரிப்பதிலேயே கழித்தவர். நான் கலிஃபோர்னியாவில், நாங்கள் குடியிருக்கும் பிளசன்டனிலிருந்து அரைமணி நேரம் கார் ஓட்டிப் போகிற தூரத்தில், ஒரு கஞ்சா நாற்றுப் பண்ணையில் ரசாயன ஆய்வாளர். எந்தச் செடியில் என்ன வாசனை இருக்கிறது, அது எந்த ஊர்ச் செடியின் வழியாக வந்தது என்று கருவியில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது என் வேலை. நடுவில் என் கணவர், பாவம், ஏதோ ஒரு வங்கிக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்.

இந்த வேலையில் நான் சும்மா போய்ச் சேர்ந்துவிடவில்லை. கலிஃபோர்னியாவில் கஞ்சாவைக் கடை வைத்து விற்கலாம், ரசீதுகூடக் கொடுப்பார்கள். ஆனால் மத்திய அரசின் சட்டத்தில் அது இன்னும் குற்றம்தான். கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் நம் ஆட்கள் இந்தத் தொழில் பக்கம் தலைவைத்துப் படுத்தால்கூட வம்பு. அதனால் குடியுரிமை வாங்கி, கையில் கொடுத்த குட்டிக் கொடியோடு ஃபோட்டோ எடுத்துக்கொண்ட பிறகுதான் விண்ணப்பம் போட்டேன். அதற்கு முன்பு ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரைகளைப் பொடித்துச் சோதித்துக்கொண்டிருந்தேன். அங்கே எனக்குக் கிடைத்தது சம்பளமும் கொட்டாவியும்.

கஞ்சா என்றால் போதை மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. கடைக்கு வருகிறவர் முதலில் டப்பாவைத் திறந்து மோந்துதான் பார்க்கிறார். மிளகில் மணக்கிற பொருள், கொத்தமல்லி விதையில் மணக்கிற பொருள், எலுமிச்சைத் தோலில் மணக்கிற பொருள் எல்லாம் இந்தச் செடியிலும் உண்டு. டெர்பீன் என்று பொதுவாகச் சொல்வோம். ஒவ்வொரு மலையிலும் காலகாலமாக வளர்ந்த செடியில் இவற்றின் சேர்மானம் வேறு வேறு. சாம்பார்ப் பொடி வீட்டுக்கு வீடு மாறுகிற மாதிரிதான். அமெரிக்காக்காரர்கள் எல்லா ஊர்ச் செடியையும் எல்லா ஊர்ச் செடியோடும் கலந்து கலந்து, இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் ஏறக்குறைய ஒரே வாசனை. பெட்ரோல் பங்கில் உட்கார்ந்து பழம் நறுக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. இப்போது அவர்களுக்கே அலுத்துவிட்டது. பழைய ஊர்ச் செடிகள் எங்கே, எங்கே என்று தேடுகிறார்கள்.

அப்படித்தான் அந்த விதைகள் எங்கள் பண்ணைக்கு வந்தன. வடக்கே மலைப்பக்கம் ஒரு விவசாயி இறந்துபோனார். அவர் மனைவி ஃப்ரீஸரில் கிடந்த ஒரு சின்னப் புட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். கணவர் வாலிபத்தில் இந்தியாவுக்குப் போனவராம், மதுரையிலிருந்து பஸ் பிடித்து ஏதோ ஒரு மலைக்கு ஏறினாராம், அங்கிருந்து கொண்டுவந்ததாம். வருடாவருடம் வளர்த்து விதை எடுத்துக்கொண்டே இருந்தாராம். புட்டியில் "தென்னிந்தியா, மலை" என்று மட்டும் எழுதியிருந்தது. அந்த அம்மா காசு எதுவும் கேட்கவில்லை. வளர்த்துக்கொண்டே இருங்கள், அது போதும் என்றார்.

மதுரையிலிருந்து பஸ் ஏறி மலைக்குப் போனால் எங்கள் தேனி வழியாகத்தான் போயிருக்க வேண்டும் என்று உடனே முடிவு கட்டிவிட்டேன். கொடைக்கானலுக்கும் மதுரையிலிருந்துதான் பஸ் போகிறது என்பதை யோசிக்க மனம் வரவில்லை. அந்தப் பண்ணையில் என் மாவட்டத்திலிருந்து வந்த இன்னொரு உயிர் இருக்கிறது என்று நினைக்க ஆசையாக இருந்தது. அவ்வளவுதான். ஆசைக்கு அத்தாட்சி கேட்டால் என்னிடம் ஒன்றும் இல்லை.

விதைகளில் பெரும்பாலானவை முளைக்கவில்லை. முளைத்தவை ஒரு வரிசைக்கு வந்தன. நெடுநெடுவென்று வளர்ந்து, ஒல்லியான இலைகளோடு, மற்ற குட்டைச் செடிகளுக்கு நடுவில் கல்யாண வீட்டில் யாரையும் தெரியாமல் நிற்கிற ஆள் மாதிரி நின்றன. பூத்ததும் சில கிளைகளை மட்டும் அறுத்து, எங்கள் உலர்த்தும் அறையில் காயவைத்து, பொடித்து என்னிடம் அனுப்பினார்கள். நான் கருவியில் ஓட்டினேன். வாசனைப் பொருள் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. வரைபடத்தில் கோடு தரையோடு தரையாகப் போனது. மறுபடி ஓட்டினேன். அதேதான். என் கையாலேயே "குறிப்பிடத்தக்க மணம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் கலப்பினப் பிரிவின் தலைவி வெள்ளைக்காரி. கெட்டிக்காரி, நியாயமானவள், ஆனால் இடத்துக்கு வாடகை கொடுக்கிறவள். மணம் இல்லாத செடிக்கு விளக்கும் தண்ணீரும் எதற்கு என்றாள். வரும் வெள்ளிக்கிழமை காலை அந்த வரிசையை எடுத்து உரக்குழியில் போடச் சொல்லிவிட்டாள். புட்டியில் விதை மிச்சம் இல்லை. அந்த வரிசை போனால் எல்லாம் போச்சு. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. கோபப்பட முகாந்திரம் இல்லை, ரிப்போர்ட் என்னுடையது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் மாமனார் எங்கள் வீட்டில் இருந்தார். டெக்ஸாஸில், பிளானோவில் நாத்தனாருக்குக் குழந்தை பிறந்திருந்தது. அத்தை, அதாவது என் மாமியார், குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கே தங்கிவிட்டார். மாமாவுக்குக் குழந்தை அழுகையில் தூக்கம் போய்விட்டது. அதைச் சொல்லாமல், "மகன் வீட்டையும் பாக்கணும்ல" என்று கிளம்பி வந்துவிட்டார். வந்த முதல் நாளே என்னைப் பார்த்து, "என்ன வேலைத்தா பாக்குற இப்ப?" என்று கேட்டார்.

"மூலிகை ஆராய்ச்சி மாமா" என்றேன்.

"நல்ல வேலைத்தா. புண்ணியம்" என்றார். என் கணவர் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் தட்டைவிட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை.

அந்த வார இறுதியில் சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றிக் காட்டக் கூட்டிப் போனோம். நடைபாதையில் ஒருவன் புகைத்துக்கொண்டே எங்களைக் கடந்து போனான். மாமா சட்டென்று நின்றார். இடுப்பில் கை போனது, லத்தி அங்கே இல்லை.

"என்னப்பா இது, பட்டப்பகல்ல?" என்று மகனைப் பார்த்தார்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும் என் மகள்தான் பதில் சொன்னாள். "தாத்தா, இட்ஸ் லீகல் ஹியர்."

"அப்ப டெக்ஸாஸ்ல?"

"நோ தாத்தா. ஜெயில்."

"அந்த ஊர்ல ஜெயிலு, இந்த ஊர்ல கடையா? ஒரே நாடுதான இது?" என்று கேட்டுவிட்டு, மூக்கைச் சுளித்தார். "இதுல ஒரு வாடை அடிக்குது பாரு, பெருச்சாளி செத்த மாதிரி. இதையா காசு குடுத்து வாங்குறாய்ங்க?" பிறகு அந்த ஊரின் பெரிய பாலத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். நான் உண்மையைச் சொல்ல அது ஏற்ற நாளாகத் தெரியவில்லை.

வியாழக்கிழமை வந்தது. மறுநாள் அந்த வரிசையை எடுத்துவிடுவார்கள். என் வேலை ஆய்வகத்தோடு சரி. பசுங்குடில் பக்கம் நான் போவதே அபூர்வம். என்னிடம் வருவது எப்போதும் காய்ந்த பொடிதான். அன்று மனசு கேட்கவில்லை. வேலை முடிந்து ஆய்வக உடுப்பைக் கழற்றிவிட்டு, சொந்த ஸ்வெட்டரோடு உள்ளே போனேன். அந்த ஒல்லிச் செடிகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு கிளை வழியை மறித்தது, விலக்கப் போய் ஒடித்துவிட்டேன். கை பிசுபிசுத்தது. மோந்து பார்த்தேன்.

ஒன்றும் தெரியவில்லை. தெரியாது. அது ஏப்ரல் மாதம். எங்கள் பே ஏரியா வட்டாரத்தில் சில வருடம் இருந்துவிட்ட நம் ஜனங்கள் அத்தனை பேருக்கும் வருகிற மகரந்த அலர்ஜி எனக்கும் உண்டு. வசந்தம் வந்தால் கண்ணில் நீர், மூக்கில் அடைப்பு. வாசனையை வைத்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு வருடத்தில் இரண்டு மாதம் மூக்கே கிடையாது. கருவி இருக்கிறது என்கிற தைரியத்தில்தான் பிழைப்பு ஓடுகிறது.

"போய்ட்டு வா" என்று செடியிடம் தமிழில் சொன்னேன். அங்கே வேறு யாரும் இல்லை. அழுகை வந்தது. அலர்ஜியும் சேர்ந்துகொண்டதால் அதைத் தனியாகத் துடைக்க வேண்டியிருக்கவில்லை.

மாலையில் மாமாவைப் பூங்காவிலிருந்து கூட்டிக்கொண்டு வருவது என் பொறுப்பு. அங்கே நம் பெற்றோர்கள் கூட்டம் கூடும். குரங்குக் குல்லாய், பளபளவென்று புது ஷூ, மருமகள்களைப் பற்றிய செய்தி அறிக்கை. அன்று ஸ்வெட்டரைக் கழற்றிப் பின் சீட்டில் எறிந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தேன். மாமா நல்ல உற்சாகத்தில் இருந்தார். காரில் ஏறி, பெல்ட் போட்டு, யாரோ ஒரு ஆந்திராக்காரர் பிபி மாத்திரை சாப்பிட மறுக்கிற கதையைப் பாதி சொன்னவர், அப்படியே நிறுத்திவிட்டார். மளிகை வாங்க வேண்டியிருந்ததால் நான் ஃப்ரீவேயில் ஏறினேன்.

"ஏத்தா, வண்டிய ஓரமா நிப்பாட்டு."

"ஃப்ரீவேல நிப்பாட்ட முடியாது மாமா. என்ன, வாந்தி வருதா?"

"வாந்தியும் இல்ல கீந்தியும் இல்ல. இந்த வண்டில எவன் ஏறுனான்?"

"யாரும் ஏறல மாமா. நான் மட்டும்தான்."

"அப்ப நீ எங்க போயிட்டு வர்ற?"

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. எத்தனை பேர் அந்தக் குரலுக்கு நடுங்கியிருப்பார்களோ. எனக்கு நடுக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. காலையிலிருந்து அடக்கிவைத்த ஆத்திரம் எல்லாம் அந்த மனிதர்மேல் திரும்பியது.

"வேலைக்குத்தான் மாமா போயிட்டு வர்றேன். கஞ்சாப் பண்ணை. லைசென்ஸ் வாங்கின பண்ணை. அங்கதான் நான் கெமிஸ்ட். போதுமா?"

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன். இன்று இரவே பிளானோவுக்கு டிக்கெட் போடச் சொல்வார், மகனோடு பேசமாட்டார், அத்தைக்குத் தெரிந்து, ஊருக்குத் தெரிந்து, என்று எனக்குள் ஒரு படமே ஓடி முடிந்தது.

"அதான பாத்தேன்" என்றார் மாமா. குரல் இறங்கியிருந்தது. ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார். "அன்னிக்கு அந்தப் பெரிய ஊர்ல அடிச்சது வேற. அது கழுத ஏதோ ஒண்ணு. இது எங்க மலைச் செடில்ல. இது எப்படி இங்கிட்டு வந்துச்சு?"

என் கை ஸ்டீயரிங்கிலேயே இருந்தது, அது வரைக்கும் சந்தோஷம். "எப்படி மாமா சொல்றீங்க?"

"மாங்கா பறிக்கையில காம்ப ஒடிச்சா பால் பீச்சி அடிக்கும்ல? மூஞ்சில பட்டா புண்ணாயிரும். அந்த வாடைத்தா. பச்சையாப் பிடுங்குனா கை பூரா அதான். அதுலயும் நம்ம பக்கம், கெழக்குச் சரிவுச் செடிக்குத்தான் இது. அங்கிட்டு, கேரளாப் பக்கம் வேற. அது பழுத்த பழ வாடை, கொழகொழன்னு இருக்கும். கண்ணக் கட்டிவிட்டாலும் எந்தச் சரிவுல நிக்கிறோம்னு சொல்லிருவேன்."

"ஆனா மாமா, நான் டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். அதுல வாசனையே இல்ல."

"காயவெச்சுப் பாத்தியா?"

"ஆமா."

மாமா சிரித்தார். அவர் சிரிப்பு பெரிய சிரிப்பு, தொப்பையிலிருந்து கிளம்பும். "அட, அதுல என்ன இருக்கும்? பிடிச்ச சரக்க ஸ்டேசன் பின்னாடி தகரக் கொட்டகைல போட்டுருப்போம். கேரளாச் சரக்கு அங்க கெடந்தும் நாறும். நம்மது அந்த வெக்கைல வைக்கோலாயிரும். ஒருக்க கோர்ட்டுல ஒரு வக்கீலு அத எடுத்து மோந்து பாத்துட்டு, 'ஐயா, இது மாட்டுத் தீவனம். என் கட்சிக்காரர் மாடு வளக்குறாரு'ன்னுட்டாரு. ஜட்ஜய்யாவே சிரிச்சுட்டாரு. அதுக்கப்புறம் கெமிக்கல் ரிப்போர்ட் வாங்கி, அலைஞ்சு, போதும் போதும்னு ஆயிருச்சு எனக்கு."

உலர்த்தினால் மணம் குறையும் என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. எல்லாச் செடியிலும் கொஞ்சம் போகும், கொஞ்சம் நிற்கும். ஆனால் எங்கள் உலர்த்தும் அறை யாருக்காகக் கட்டியது என்று நான் யோசித்ததே இல்லை. கடைகளுக்குப் போகிற செடிகள் எல்லாம் அந்த மாதிரி அறையில் காய்ந்து, அதிலும் மணம் தங்கியவற்றையே பொறுக்கி, மறுபடி மறுபடி கலந்து வந்தவை. அந்த அறையின் சூடு அவற்றுக்குப் பழக்கம். இந்த மலைச் செடியை யாரும் அப்படிப் பழக்கவில்லை. நாங்கள் அதைத் தகரக் கொட்டகையில் போட்டுவிட்டு, மணம் இல்லை என்று தீர்ப்பு எழுதியிருக்கிறோம்.

அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, இந்திய மளிகைக் கடை வாசலில் காரை நிறுத்தி, தலைவிக்கு ஃபோன் போட்டேன். நாளைக் காலை எடுக்க வேண்டாம், பச்சையாக ஒருமுறை சோதிக்க வேண்டும் என்றேன். ரிப்போர்ட் உன்னுடையதுதானே, என்ன மாறிவிட்டது என்று கேட்டாள். என் மாமனார் காரில் உட்கார்ந்து மோந்து பார்த்தார் என்று எப்படிச் சொல்வது? அந்த மலையில் பல வருடம் இந்தச் செடியோடு வேலை செய்த ஒருவரிடம் பேசினேன் என்றேன். அது நிஜம்தான். என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. திங்கட்கிழமை மதியம் வரை நேரம் கொடுத்தாள்.

பக்கத்து சீட்டில் மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் பேசச் சங்கடப்படுவாரே தவிர, நன்றாகவே புரியும். "நாளைக்குப் பிடுங்குறதா இருந்தாகளா?" என்றார்.

"ஆமா மாமா."

"அம்புட்டையுமா?"

"அம்புட்டையும்."

கடைக்குள் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் காரிலேயே உட்கார்ந்திருந்தார். நான் தோசை மாவும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு வந்தபோதும் அதே இடத்தில், என் ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பின் சீட்டிலிருந்து எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. நான் பார்த்ததும், "மடிச்சு வெச்சேன்" என்றார்.

வீட்டில் என் கணவர் விஷயம் கேட்டு வெளிறிப் போனார். "அப்பாகிட்ட சொல்லிட்டியா? அவர் என்ன சொன்னார்?" என்று என்னை அடுக்களைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டார். கூடத்திலிருந்தே மாமா பதில் கொடுத்தார்: "பொய் வாக்குமூலம் குடுத்தது ரெண்டு பேரு. மூலிகைன்னு சொன்னது ஒண்ணு, தலையக் குனிஞ்சுக்கிட்டு சாம்பார் ஊத்துனது ஒண்ணு."

அத்தையிடம் நானே ஃபோனில் சொன்னேன். பிளானோவில் குழந்தை அழுகிற சத்தம் பின்னாலிருந்து வந்தது. அத்தை எழுந்து போய் ஒரு கதவைச் சாத்தினார். பிறகு, "வேல விட்டு வந்ததும் குளிச்சுர்றியா?" என்றார்.

"அங்கயே உடுப்பு மாத்திட்டுத்தான் அத்தை வருவேன்."

"உங்க மாமாவ நான் வீட்டுக்குள்ள விடவே மாட்டேன். மலைக்குப் போயிட்டு வந்தா நேரா கெணத்தடி. சீயக்காயும் தண்ணியுமா நிக்கணும். உடுப்பத் தனியா ஊறப்போடுவேன். புள்ளைக மேல அந்த வாடை படக்கூடாதுன்னு. இப்ப பாரு, மருமக அதே வாடையோட வர்றா." அவர் சிரித்தாரா, சலித்துக்கொண்டாரா என்று சொல்வது கடினம். "சரி, சோலியப் பாரு. ஆனா கோயிலுக்குப் போறப்ப தலைக்குக் குளிச்சுட்டுப் போ."

அன்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அது எனக்கு உறைத்தது. இத்தனை வருடமாக இந்த மனிதரை எதிர்க்கட்சி என்று நினைத்திருந்தேன். அவரும் நானும் இதே வாசனையோடு வேலையிலிருந்து வீடு திரும்பியவர்கள். வாசலில் அதைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டுக்குள் ஒன்றும் நடக்காதவர்கள் போல நுழைந்தவர்கள். அவர்மேல் எனக்குப் பிரியம் வந்தது. முன்பு மரியாதை மட்டும்தான் இருந்தது.

சனிக்கிழமை அவர் பின்கட்டில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட்டே விட்டேன்.

"செடிய எரிச்சீங்க, சரி. வளத்த ஆளுங்க என்ன ஆனாங்க மாமா?"

"மேல இருக்குற முதலாளி யாருன்னு கேட்டா எவனும் சொல்லமாட்டான். கெடைக்கிறது கூலிக்குத் தண்ணி ஊத்துறவன்தான். அவன் எங்களப் பாத்ததும் ஓடுவான்." காபியை ஆற்றினார். "நான் கொஞ்சம் மெதுவாத்தான் தொரத்துவேன். முட்டி வலின்னு எழுதிக்கிருவேன்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"சட்டம் பிடுங்கச் சொல்லுச்சு, பிடுங்குனேன். அது தப்புன்னு இன்னிக்கும் சொல்லமாட்டேன்த்தா. எத்தன குடும்பம் அதால கெட்டுச்சுன்னு பாத்தவன் நான். ஆனா எனக்கு அந்த வாடை பிடிக்கும். இத யார்கிட்டயும் சொன்னதில்ல. எப்படிச் சொல்றது? பிடுங்கி முடிச்சு, தீ வெக்கிறதுக்கு முன்னாடி, கைய இப்புடி மூக்குகிட்ட வெச்சுக்கிட்டு நிப்பேன். தீ வெச்சுட்டா அது இருக்காது, வெறும் பொகதான். கடைசியா அந்தச் சரிவுல ஒரு பெரிய தோட்டத்த அழிச்சோம். அதுக்கப்புறம் அங்க வந்த செடியெல்லாம் எவனோ வெளியூர்ல இருந்து கொண்டாந்த வெத. வாடையே மாறிப்போச்சு. நாமதான் தீத்துக்கட்டிட்டம்போலன்னு நெனச்சுக்குவேன். இத்தன வருசம் கழிச்சு ஒங் கார்ல வந்து ஒக்காருதே!"

தக்காளிக்கு விட்ட தண்ணீர் பாத்தியைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோமே தவிர, குழாயை அடைக்கத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை விடியும்போதே பண்ணைக்குப் போய்விட்டேன். பச்சைப் பூவை வெட்டிய கையோடு உறைபனிப் புட்டியில் போட்டு, உறைந்த நிலையிலேயே பொடித்து, கருவியில் ஏற்றினேன். பழைய வரைபடத்தில் தரையோடு போன கோடு இப்போது எழுந்து நின்றது. ஒசிமீன், டெர்பினோலீன் என்கிற இரண்டு டெர்பீன்களும் நெட்டுக்குத்தாக நின்றன. ஒடித்த மாங்காய்க் காம்பில் பீச்சியடிக்கிற பாலிலும் இருக்கிறவைதான் அவை. மாமாவின் மூக்குக்கு நான் மானசீகமாக ஒரு சல்யூட் வைத்தேன்.

தலைவி இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. வாங்குகிறவர்கள் காய்ந்த பூவைத்தானே வாங்குகிறார்கள், காய்ந்தால் ஓடிப்போகிற வாசனையால் என்ன பிரயோஜனம்? வரைபடத்தை எவ்வளவு நேரம் நீட்டினாலும் அது காகிதம்தான். அதனால் அவளைப் பசுங்குடிலுக்கு அழைத்துப் போய், ஒரு காம்பை ஒடித்து அவள் கையிலேயே கொடுத்தேன். மூக்கருகே வைத்துக்கொண்டு யோசித்தாள். நல்ல வாசனைதான், ஆனால் இதற்கு என்ன பெயர் சொல்வது என்றாள். மாம்பழத்தை அவள் பிளாஸ்டிக் டப்பாவில் துண்டுகளாகத்தான் பார்த்திருக்கிறாள். மரத்தில் பார்த்ததில்லை.

பக்கத்து வரிசையில் செடிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த மெக்சிகோக்காரப் பெண்ணிடம் தலைவி அந்தக் காம்பை நீட்டினாள். அந்தப் பெண் மோந்து பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எங்கள் வீட்டு மாமரம், பழுக்கிறதுக்கு முன்னால் திருடிப் பறித்தால் இந்த வாசனை கையிலேயே நின்று காட்டிக்கொடுத்துவிடும், அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன் என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் மோந்து பார்த்தாள். காம்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

தலைவி அவளையே பார்த்தாள். அப்புறம் அந்த வரிசையை ஒருமுறை நடந்து பார்த்தாள். எடுக்க வேண்டாம் என்றாள். அடுத்த பூப்புக்கு ஒரு பகுதியைக் குளிர் அறையில் மெதுவாக உலர்த்திப் பார்க்கலாம், இன்னொரு பகுதியை மணம் தங்குகிற செடியோடு கலந்து விதை எடுக்கலாம், அதோடு கலக்காமல் அதன் சொந்த விதையும் எடுத்து வைக்க வேண்டும் என்றாள். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு வேண்டியிருந்தது. புட்டி மறுபடி நிறையும். நான் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இந்தமுறை அது அலர்ஜி இல்லை.

பெயர்ப் பலகையில் என்ன ஊர் எழுத வேண்டும் என்று கேட்டபோது, தேனி மலை, கிழக்குச் சரிவு என்று எழுதினேன். எப்படி இவ்வளவு திட்டவட்டமாகத் தெரியும் என்று தலைவி கேட்டாள். அந்த மலையில் வேலை செய்தவர் சொன்னார் என்றேன். அவரை ஒருநாள் பண்ணைக்கு அழைத்து வாயேன், எல்லாரிடமும் பேசட்டும் என்றாள். வேண்டாம், அவர் விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார், அவருக்கு வம்பு என்று சொல்லி நழுவினேன். அவர் அங்கே என்ன வேலை செய்தார் என்று கடைசிவரை சொல்லவில்லை. சொன்னால் அவள் நாற்காலியிலிருந்து விழுந்திருப்பாள்.

மாமா உள்ளே வரவில்லையே தவிர, ஊருக்குப் போவதற்கு முன் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். வெளிச்சாலையில் காரை நிறுத்தினேன். இறங்கி, கை கட்டிக்கொண்டு, அந்த ஜன்னல் இல்லாத கட்டடத்தையும் காமிராக்களையும் வேலியையும் பார்த்தார். காற்றை இழுத்து மோந்தார். வாசனை வெளியே வரக்கூடாது என்பது இங்கே விதி, கரி வடிகட்டி வைத்திருக்கிறோம் என்றேன்.

"அம்புட்டு பந்தோபஸ்தா!" என்றார். "நாங்க அத்தன பேரு தொரத்துனோம். ஒரு அக்யூஸ்ட்டு மட்டும் பஸ் ஏறித் தப்பிச்சு, கடலத் தாண்டி, இங்க வந்து ஏசி ரூம்ல படுத்துக் கெடக்கான். தலைமறைவாவே இருந்துருக்கான்யா." தொப்பை குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். அந்தப் பக்கமாக நாயோடு நடந்து போன ஒரு பெண்மணி எங்களுக்குக் கை அசைத்தாள்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. குளிர் அறையில் மெதுவாக உலர்த்திய பூவில் மணம் முழுதாக நிற்கவில்லை. ஆனால் நின்றது. கோடு தரையில் இல்லை. புட்டியில் சொந்த விதை நிறைந்திருக்கிறது. அதைக் கொடுத்த அம்மாவுக்கு நானே ஃபோன் செய்து சொன்னேன், அவர் கணவர் பெயரை இரண்டுமுறை உரக்கச் சொன்னார். இந்த வசந்தத்தில் நான் முன்யோசனையாகப் பிப்ரவரியிலேயே அலர்ஜி ஊசி போட்டுக்கொண்டேன். புது நாற்றுகள் முழங்கால் உயரம் வந்ததும் போய் ஒரு இலைக் காம்பை ஒடித்தேன். மூக்கு வேலை செய்தது. ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், காய் பறித்த மாமரத்தடியில் நிற்பது போலவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேனியிலிருந்து மாமா வீடியோவில் வருவார். முதலில் மகனை விசாரிக்க மாட்டார், பேத்தியை விசாரிக்க மாட்டார். அத்தை பக்கத்தில் இருந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார். போன வாரமும் அப்படித்தான்.

"ஏத்தா, அக்யூஸ்ட்டு எப்படி இருக்கான்?"

"ஜாமீன்ல வந்துட்டான் மாமா. இப்ப புள்ளகுட்டியோட இருக்கான்."

"வாடை?"

"அப்படியே இருக்கு மாமா. வெள்ளிக்கிழமைதான் மோந்து பாத்தேன்."

பின்னால் அத்தை யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. திரையில் மாமா தன் வலது கையை மெதுவாகத் தூக்கி, உள்ளங்கையை மூக்கருகே வைத்துக்கொண்டார்.